ஸ்பேனர் மேல் ஏறி நிற்காதீர்கள்

"எவ்வளவு டைட்டா இருக்கோ அவ்வளவு சேஃப்டி சார்." கார்ச் சக்கர நட்டைப் பற்றி நம்மூரில் நிலவும் மொத்தத் தத்துவமும் இவ்வளவுதான். பஞ்சர் கடைக்காரர் சொல்கிறார், டாக்ஸி ஓட்டுநர் சொல்கிறார், பத்து லட்சம் கொடுத்து வண்டி வாங்கிய பொறியாளரும் சொல்கிறார். இதற்குச் செயல்முறை விளக்கமும் உண்டு. எல் ஸ்பேனரை நட்டில் மாட்டுவது, கைப்பிடி தரைக்கு இணையாக வந்ததும் அதன்மேல் காலை ஊன்றுவது, கார் கூரையைப் பிடித்துக்கொண்டு ஒரு மிதி மிதிப்பது. 'கிரீச்' என்று சத்தம் வந்தால் வேலை முடிந்தது. வராவிட்டால் வண்டிக்காரருக்கே மனம் ஆறாது. "இன்னொரு மிதி மிதிச்சிடு தம்பி" என்பார்.

இந்த நம்பிக்கையை அதன் வலுவான வடிவிலேயே எடுத்துக்கொள்கிறேன். நட்டு தளர்ந்தால் சக்கரம் கழன்று உயிர் போகும். நட்டு இறுகினால் அடுத்த முறை கழற்றக் கொஞ்சம் கஷ்டம், அவ்வளவுதான். ஒரு பக்கம் உயிர், மறுபக்கம் வியர்வை. தப்பு செய்தாலும் இறுக்கத்தின் பக்கம் தப்பு செய்வதுதானே புத்தி? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்தத் தராசின் இரண்டாவது தட்டில் வியர்வை மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? அதிலும் உயிர் இருக்கிறது. நட்டுக்குப் பாதுகாப்பான பக்கம் என்று ஒன்று கிடையாது; சரியான அளவு என்று ஒன்று உண்டு. அதை வண்டி தயாரித்தவர்கள் எண்ணாகவே அச்சடித்து, கையேட்டில் போட்டு, டாஷ்போர்டு டப்பாவுக்குள் வைத்துத்தான் அனுப்புகிறார்கள். நாம்தான் அதைப் பிரிப்பதில்லை.

நட்டு என்ன வேலை செய்கிறது என்று தெரியாததுதான் எல்லாவற்றுக்கும் வேர். பலருடைய மனதில் உள்ள படம் இது: சக்கரம் மாட்டும் ஹப்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டட்டுகள்தான் காரின் பாரத்தைச் சுமக்கின்றன; நட்டு, சக்கரம் வெளியே நழுவாமல் தடுக்கும் மூடி. மூடி என்றால் எவ்வளவு இறுக்கினாலும் கெடுதல் இல்லைதான். ஆனால் படமே தவறு.

நட்டை முடுக்கும்போது ஸ்டட் நீள்கிறது. எஃகு நீளுமா என்றால், நீளும். இழுக்கும் விசை எவ்வளவோ அதற்கு ஏற்றபடி நீட்சி என்ற விதியை ராபர்ட் ஹூக் 1678-லேயே எழுதி வைத்துவிட்டார். நீண்ட ஸ்டட் தன் பழைய நீளத்துக்குத் திரும்பத் துடிக்கிறது. அந்தத் துடிப்புதான் சக்கரத்தை ஹப்பின் முகத்தோடு சேர்த்து நசுக்கிப் பிடிக்கிறது. அப்படி நசுங்கி ஒட்டிக்கொண்ட இரண்டு முகங்களுக்கு நடுவே எழும் உராய்வுதான் காரின் எடையையும், பிரேக் அடிக்கும் விசையையும், பள்ளத்தில் விழும் அடியையும் வாங்கிக்கொள்கிறது. எல்லாம் சரியாக இருக்கும்போது ஸ்டட்டின் பக்கவாட்டில் பாரம் ஏறுவதே இல்லை. அது ஒரு ஸ்பிரிங், இழுத்துப் பிடித்த நிலையில் உட்கார்ந்திருக்கும் ஸ்பிரிங்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் வியப்பாக இருக்கும். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டில், மரை காய்ந்த நிலையில், 100 நியூட்டன் மீட்டர் முறுக்குக் கொடுத்தால் ஒரு ஸ்டட்டில் ஏறும் இழுவிசை ஏறத்தாழ நாலே கால் டன். நான்கு நட்டுக்கு 17 டன். மொத்தமே ஒரு டன் எடைகூட வராத சின்னக் காரின் ஒரே ஒரு சக்கரத்தை 17 டன் விசை பிடித்துக்கொண்டிருக்கிறது. இதில் பத்தில் ஒரு பங்கு உராய்வாக மாறினாலே அந்தச் சக்கரத்துக்கு ஒன்றே முக்கால் டன் அளவுக்குப் பிடி கிடைத்துவிடும். போதாதென்று யார் சொல்லுவார்கள்?

இன்னொரு கணக்கும் உண்டு. அந்த நாலே கால் டன்னுக்கு ஸ்டட் எவ்வளவு நீள்கிறது தெரியுமா? ஹப்புக்கும் நட்டுக்கும் இடையே சிக்கியிருக்கும் நீளம் 25 மில்லிமீட்டர் என்று வைத்தால், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு. ஒரு தலைமுடியின் தடிமன். உங்கள் குடும்பம் மணிக்கு நூறு கிலோமீட்டர் வேகத்தில் போவது இந்தத் தலைமுடி அளவு நீட்சியை நம்பித்தான். இதைக் கூட்டினாலும் கெடும், குறைத்தாலும் கெடும்.

இப்போது ஸ்பேனர் மேல் ஏறி நின்றவரிடம் வருவோம். அவர் எடை 70 கிலோ, ஸ்பேனரின் கை 30 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். குதிக்க வேண்டாம், சும்மா நின்றாலே 200 நியூட்டன் மீட்டரைத் தாண்டிவிடும். பல கார்களுக்குச் சொல்லப்பட்ட அளவில் இது இரண்டு மடங்கு. இழுவிசை எட்டரை டன் ஆகிறது. 10.9 என்ற வலுத்தரத்தைச் சேர்ந்த 12 மில்லிமீட்டர் ஸ்டட், நிரந்தரமாக நீண்டுவிடாமல் தாங்கக்கூடியது சுமார் ஏழரை டன்தான். அதற்கு மேல் போனால் ஸ்டட் ஸ்பிரிங்காக இருப்பதை நிறுத்திவிடுகிறது. இழுத்து இழுத்துத் தொய்ந்துபோன எலாஸ்டிக் மாதிரி, நீண்டது நீண்டபடியே நின்றுவிடுகிறது. குதித்தால் என்ன ஆகும், ஸ்பேனரில் ஒரு மீட்டர் பைப்பைச் செருகி ஏறி நின்றால் என்ன ஆகும் என்பதை நீங்களே பெருக்கிக்கொள்ளலாம். பைப்புக்கு விடை 686 வருகிறது.

"அப்படியானால் ஸ்டட் அங்கேயே முறிந்திருக்க வேண்டாமா? முறியவில்லையே!" இதுதான் அடுத்த வாதம். சில நேரம் அங்கேயே முறியும். முறிந்தால் நல்லதுதான், கண்ணுக்குத் தெரிந்துவிடும். முறியாதபோதுதான் ஆபத்து. துருவும் மண்ணும் ஏறிய மரை முறுக்கில் பெரும்பகுதியைத் தின்றுவிடுவதால், மிதித்த மிதியெல்லாம் ஸ்டட்டுக்குப் போய்ச் சேர்வதில்லை. சேர்ந்தால், ஸ்டட் லேசாக நீண்டு, மரையின் இடைவெளி பிசகி நின்றுவிடுகிறது. அடுத்த முறை நட்டு அந்த மரையில் சிரமப்பட்டு ஏறுகிறது. ஏறும்போதே கடினமாக இருப்பதால் "நல்லா டைட் ஆயிடுச்சு" என்று கை சொல்கிறது. உண்மையில் முறுக்கு முழுவதும் மரையோடு மல்லுக்கட்டுவதில் போய்விட்டது, பிடிப்பு குறைவு. அலாய் வீல் என்றால் இன்னொரு சேதமும் சேரும். நட்டு உட்காரும் கூம்பு வடிவக் குழி அலுமினியத்தில் நசுங்கி, ஓட ஓட இன்னும் உள்ளே அமிழ்ந்து, அந்தத் தலைமுடி அளவு நீட்சியைக் கரைத்துவிடும். அதிகம் இறுக்கிய நட்டு, தளர்ந்த நட்டாக மாறும் வழி இது. தளர்ந்த ஸ்டட் ஒவ்வொரு சுற்றுக்கும் வளைந்து நிமிர்ந்து, களைத்து, ஒரு நாள் முறியும். ஒன்று முறிந்தால் மற்ற மூன்றின்மேல் பாரம் கூடும். பிறகு வரிசையாகப் போகும்.

அது நடப்பதோ ஆறு மாதம் கழித்து, வேறொரு ஊரில், வேறொரு கடையில். இறுக்கியவர் ஒருவர், முறியும்போது கையில் ஸ்பேனர் வைத்திருப்பவர் வேறொருவர். அவர் "ஸ்டட் குவாலிட்டி சரியில்ல சார்" என்பார். கம்பெனிக்காரன் தலையில் பழி விழும். மிதித்தவரின் அனுபவக் கணக்கில் இது ஏறவே ஏறாது. "இருபது வருஷமா இப்படித்தான் பண்றேன், ஒண்ணுகூடக் கழன்றதில்ல" என்று அவர் சொல்வதில் பொய் கிடையாது. அவருக்குத் திரும்பி வந்த செய்தி அவ்வளவுதான்.

அனுபவம் என்ற சொல்லைச் சொன்னேன். கை அனுபவத்தை நான் ஏளனம் செய்யவில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்தே வால்வு இடைவெளியைச் சொல்லும் மெக்கானிக்குகள் நம்மூரில் இருக்கிறார்கள். ஆனால் காதுக்கு உள்ள நுட்பம் தோள்பட்டைக்குக் கிடையாது. காலையில் முதல் சக்கரத்துக்குக் கொடுத்த அழுத்தத்தை மாலையில் நாற்பதாவது சக்கரத்துக்கு எந்தக் கையாலும் கொடுக்க முடியாது. ஸ்பேனர் மாறினால், கை பிடிக்கும் இடம் ஒரு சாண் தள்ளினால், அளவே மாறிவிடும். நியூயார்க் நகரக் குடிநீர்த் துறையில் வேலை பார்த்த கான்ராட் பார் என்பவர், முறுக்கை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்சை 1918-லேயே தான் உருவாக்கியதாகச் சொல்லிக்கொண்டார். குழாய் இணைப்புகளின் போல்ட்டைத் தொழிலாளர்கள் அளவுக்கு மீறி முடுக்கிவிடுவதைத் தடுப்பதுதான் நோக்கமாம். பின்னர் இன்னொருவரோடு சேர்ந்து காப்புரிமை பெற்றார். அந்தத் தொழிலாளர்களும் அனுபவம் உள்ள ஆட்கள்தான்.

இங்கே ஒரு சுவையான சாட்சி இருக்கிறது. உங்கள் காரின் டிக்கியிலேயே இருக்கிறது. வண்டியோடு வரும் வீல் ஸ்பேனரை எடுத்துப் பாருங்கள், குட்டையாக இருக்கும். "கம்பெனிக்காரன் கஞ்சத்தனம்" என்று எல்லோரும் சிரிப்பார்கள். கை 25 சென்டிமீட்டர் என்றால், அதன் நுனியில் 40 கிலோ அழுத்தம் கொடுத்தால் 98 நியூட்டன் மீட்டர். ஒரு சராசரி ஆள், குனிந்து, உடல் எடையைக் கொஞ்சம் சாய்த்துக் கையால் அழுத்தினால் வரக்கூடிய அளவு அது. நட்டுக்கு வேண்டியதும் ஏறத்தாழ அதுதான். பைப் செருகுகிறவர் இந்த நீளத்தில் உள்ள அளவைக் கலைத்துவிடுகிறார்.

இனி நட்டு முடுக்கும் ஏர் கன்னுக்கு வருவோம். பஞ்சர் கடைப் பையனைத் திட்டுவது சுலபம். ஆனால் இன்று பெரிய குற்றவாளி குளிர்சாதன அறையும் காப்பி இயந்திரமும் வைத்திருக்கும் டயர் ஷோரூம். அங்கே யாரும் ஸ்பேனர் மேல் ஏறுவதில்லை, நாகரிகமாக ஏர் கன் வைத்திருக்கிறார்கள். அரை அங்குல ஏர் கன்களில் பல 500 நியூட்டன் மீட்டரை எளிதாகத் தாண்டுபவை. கம்ப்ரசரில் காற்று எவ்வளவு இருக்கிறது, குழாய் எவ்வளவு நீளம், விசையை எத்தனை விநாடி அழுத்தினார் என்பதைப் பொறுத்து ஒவ்வொரு நட்டுக்கும் ஓர் அளவு கிடைக்கும். வாடிக்கையாளருக்கு எல்லாம் ஒரே 'டர்ர்ர்' தான்.

அதற்குப் பிறகு நடப்பதை நின்று கவனித்தால் சிரிப்பு வரும். கன்னால் முடுக்கி முடித்த பையன், சுவரில் மாட்டியிருக்கும் பளபளப்பான டார்க் ரெஞ்சை எடுத்து வருகிறார். ஒவ்வொரு நட்டிலும் வைத்து ஒரு இழு. 'கிளிக்.' அடுத்தது 'கிளிக்.' நான்கும் கிளிக். வண்டிக்காரர் தலையை ஆட்டுகிறார்: "புரொஃபஷனலா பண்றாங்கப்பா." என்ன நடந்தது? ரெஞ்சை 100-க்கு வைத்திருக்கிறார்கள். நட்டு ஏற்கெனவே 250-ல் நிற்கிறது. 100 வந்ததும் ரெஞ்ச் கிளிக் என்கிறது; நட்டு இம்மியும் நகரவில்லை. 'குறைந்தது 100 இருக்கிறது' என்று மட்டும்தான் அந்தச் சத்தத்துக்குச் சொல்லத் தெரியும். எவ்வளவு கூடியிருக்கிறது என்று சொல்லும் வாய் அதற்குக் கிடையாது. கோயிலில் மணி அடித்தது நமக்குக் கேட்டது, சாமிக்குக் கேட்டதா என்பது தெரியாது. டார்க் ரெஞ்ச் வேலை செய்ததா என்று அறிய ஒரே வழிதான் இருக்கிறது: கிளிக் வருவதற்கு முன் நட்டு கொஞ்சமாவது திரும்பியதா என்று பாருங்கள். திரும்பியிருந்தால் அளந்து முடுக்கியிருக்கிறார். திரும்பாவிட்டால் அது சடங்கு.

இந்தச் சடங்கைப் பார்த்துவிட்டு, படித்தவர்கள் சிலர் வேறொரு முனையிலிருந்து தாக்குவார்கள். "டார்க் ரெஞ்சே ஒரு மாயை சார். நீங்கள் கொடுக்கும் முறுக்கில் பாதி நட்டின் அடியில் உராய்வில் போகிறது, இன்னொரு நாற்பது சதவீதம் மரையில் போகிறது. ஸ்டட்டை நீட்டப் போவது பத்து சதவீதம்தான். எண்ணெய் பட்டால் ஒன்று, துரு இருந்தால் ஒன்று. அப்புறம் எதற்கு இந்த நியூட்டன் மீட்டர் பஜனை?" இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. முடிவுதான் பொய். ஒரே முறுக்கைக் கொடுத்தாலும் பிடிப்பு இருபது முப்பது சதவீதம் முன்னே பின்னே வரும் என்பது வடிவமைத்தவர்களுக்கும் தெரியும். அந்த ஊசலாட்டத்தைக் கணக்கில் வைத்துத்தான் எண்ணைத் தேர்ந்தெடுக்கிறார்கள். உராய்வின் ஊசலாட்டத்துக்கு அவர்கள் விட்ட இடத்தை, நம் காலின் ஊசலாட்டமும் சேர்ந்து தின்றுவிடக் கூடாது. நல்ல கிளிக் ரெஞ்சின் பிழை, ஐ.எஸ்.ஓ. 6789 தரப்படி, நூற்றுக்கு நான்கு கூடுதல் அல்லது நான்கு குறைவுக்குள் இருக்க வேண்டும். காலின் பிழைக்குத் தரம் எழுத எவருக்கும் துணிச்சல் வராது.

உண்மையில் அந்த வாதத்திலிருந்து கிடைக்கும் பாடம் வேறு. உராய்வு இவ்வளவு முக்கியம் என்றால், மரையையும் முகங்களையும் சுத்தமாக வைப்பதும் அவ்வளவு முக்கியம். "அடுத்த தடவை ஈசியா வரட்டும்" என்று ஸ்டட்டில் ஆயில் தடவுகிறார்களே, அது அன்பான தவறு. உராய்வு குறைவதால், அதே 100-க்கு ஸ்டட்டில் ஏறும் இழுவிசை மூன்றில் ஒரு பங்கு கூடிவிடலாம். கையேட்டில் தனியாகச் சொல்லியிருந்தாலொழிய, கார்ச் சக்கர மரை காய்ந்துதான் இருக்க வேண்டும். இன்னொன்று பெயின்ட். இரும்பு ரிம்மைச் சுரண்டிச் சில்வர் அடிக்கக் கொடுக்கிறோம். ஹப்போடு ஒட்டும் முகத்திலும் நட்டு உட்காரும் குழியிலும் சேர்த்து வழியவிட்டுக் கொடுக்கிறார்கள். ஸ்டட்டின் மொத்த நீட்சியே ஒரு தலைமுடிதானே? அந்தப் பெயின்ட் பூச்சின் தடிமனும் ஏறத்தாழ அதுதான். ஓட ஓடப் பூச்சு நசுங்கி உதிர்ந்தால் பிடிப்பு மொத்தமும் போய்விடும். சக்கரம் மாற்றி ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி அளந்து பார்க்கச் சொல்வது இதனால்தான். முதல் நாள் எவ்வளவு மிதித்திருந்தாலும் இதற்குப் பதில் ஆகாது.

வெளியிலிருந்து வாங்கி மாட்டும் அலாய் வீல்களில் வேறொரு கூத்து. சில நட்டுக்குக் கூம்பு வடிவ அடி, சிலவற்றுக்குக் கோள வடிவ அடி, சிலவற்றுக்குத் தட்டையான வாஷர். கோளக் குழியில் கூம்பு நட்டைப் போட்டால், மெல்லிய ஒரு வட்டக் கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்கும். அங்கே எந்த எண்ணுக்கும் பொருள் இல்லை.

"ஃபார்முலா ஒன்ல ரெண்டு செகண்டுல கன் வெச்சே முடிக்கிறாங்களே" என்று இளைஞர் ஒருவர் கேட்காமல் இந்தப் பேச்சு முடியாது. தம்பி, அது ஒரு சக்கரத்துக்கு ஒரே நட்டு. அந்த நட்டுக்காகவே செய்த கன். அதைப் பிடிப்பதையே தொழிலாகப் பயின்ற ஆள். அத்தனை இருந்தும் 2021 மொனாக்கோ போட்டியில் வால்ட்டேரி போட்டாஸின் மெர்சிடிஸ் காரில் கன் சரியாக உட்காராமல் நட்டின் முனைகளை மழித்துவிட, அந்தச் சக்கரத்தைக் களத்தில் கழற்றவே முடியவில்லை. காரை இங்கிலாந்தில் உள்ள தொழிற்சாலைக்குக் கொண்டுபோய், 43 மணி நேரம் கழித்துக் கழற்றினார்கள். கன்னுக்கு நற்சான்றிதழ் வாங்க அந்தப் பக்கம் போக வேண்டாம்.

நம் சாலைகளில் அன்றாடம் நடப்பது இதைவிடச் சிறியது, ஆனால் அதிகம் வலிப்பது. இரவு பதினோரு மணிக்கு உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, சாலையோரம், பின்சக்கரம் பஞ்சர். ஸ்டெப்னி இருக்கிறது, ஜாக்கி இருக்கிறது, அந்தக் குட்டை ஸ்பேனரும் இருக்கிறது. ஐம்பது கிலோ எடையுள்ள ஒரு பெண், அல்லது அறுபத்தைந்து வயது ஆள், 98 நியூட்டன் மீட்டருக்கு முடுக்கிய நட்டைக் கொஞ்சம் முக்கித் திருப்பிவிடலாம். கன்னால் 300-க்கு முடுக்கியதை அந்த ஸ்பேனரால் திருப்ப 120 கிலோ வேண்டும். ஏறி நின்று குதித்தால் ஸ்பேனர் வழுக்கி நட்டின் முனை மழுங்கும். சரிந்த கால் லாரி வரும் பக்கம் போகும். இறுக்கத்தின் பக்கம் தப்பு செய்வது பாதுகாப்பு என்றவர்கள், இருட்டில் நெடுஞ்சாலையோரம் உதவிக்குக் காத்து நிற்பதை எந்தக் கணக்கில் எழுதுவார்கள்?

பிரேக்கைப் பற்றி ஒரு சொல். முன்சக்கரத்துக்கும் ஹப்புக்கும் நடுவே பல கார்களில் பிரேக் டிஸ்க் சிக்கியிருக்கிறது. ஒரு நட்டு 90, அடுத்தது 260, அதற்கடுத்தது 150 என்று இருந்தால் அந்த டிஸ்க் கோணலாகப் பிடிபடும். கண்ணுக்குத் தெரியாத கோணல். சில ஆயிரம் கிலோமீட்டரில் டிஸ்க் சீரில்லாமல் தேய்ந்து, வேகத்தில் பிரேக் மிதித்தால் ஸ்டியரிங் நடுங்கும். நடுக்கத்துக்கு வேறு காரணங்களும் உண்டுதான். ஆனால் டிஸ்க்கை லேத்தில் கடையக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கும் எத்தனை பேருக்கு, போன மாதம் டயர் மாற்றிய கன்னின் ஞாபகம் வருகிறது?

இது ஏதோ நுணுக்கம் பேசுவோரின் கவலை என்று நினைப்பவர்களுக்காக: லாரிச் சக்கரங்கள் கழன்று ஓடுவதை ஆராய்ந்து அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1992-ல் வெளியிட்ட அறிக்கை, முதன்மைக் காரணங்களாகச் சொன்னவை இரண்டு. ஒன்று, முறையாக முடுக்காத நட்டுகள். மற்றது பேரிங் பழுது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில் அப்படிக் கழன்ற சக்கரங்களால் 1995-ல் உயிர்கள் போயின. 1997-ல் சட்டம் போட்டார்கள்: லாரியிலிருந்து சக்கரம் கழன்றால் 2,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம், கவனமாகத்தான் இருந்தேன் என்று வாதாடித் தப்ப இடமில்லை. இங்கே கழன்றால் "நேரம் சரியில்ல" என்று திருஷ்டி கழிக்கிறோம்.

ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் உள்ள ஆலைகளிலிருந்து வெளிவரும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே ஒரு சக்கரத்தின் நட்டுகளையெல்லாம் இயந்திரம் குறித்த அளவுக்கு முடுக்கித்தான் வெளியே விடுகிறது. ஒருவரும் ஏறி மிதிப்பதில்லை. அப்படி வந்த வண்டி முதல் பஞ்சரோடு தன் அளவை இழக்கிறது. பிறகு விற்கப்படும் வரை அது திரும்புவதே இல்லை. இதில் பஞ்சர் கடைப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு சக்கரத்துக்கு அவருக்குக் கிடைப்பது நூற்றைம்பது இருநூறு; பக்கத்திலேயே நின்று "நல்லா டைட் பண்ணுப்பா" என்று சொல்லி அவரை மிதிக்க வைப்பது நாம். அளந்து முடுக்கினால் "சரியா டைட் பண்ணல" என்று சந்தேகப்பட்டு அடுத்த கடைக்குப் போவதும் நாம். லட்சக்கணக்கில் போட்டு அலைன்மென்ட் இயந்திரம் வாங்கிய ஷோரூம் முதலாளிக்கு அந்தச் சலுகை கிடையாது. அவருக்குத் தெரியும், தெரிந்தேதான் கன்னை முழுவதுமாக ஓடவிடுகிறார், ஒரு சக்கரத்துக்கு இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்க.

அதனால் நான் கேட்பது வண்டிக்காரர்களிடம். கையேட்டைப் பிரித்து உங்கள் வண்டியின் எண்ணைத் தேடுங்கள். ஊருக்கெல்லாம் ஒரே எண் கிடையாது: சுசுகியின் பழைய சின்னக் கார்கள் பலவற்றுக்கு 85, டொயோட்டா பலவற்றுக்கு 103, ஹோண்டா சிட்டிக்கு 108, ஃபோக்ஸ்வாகன் போலோவுக்கு 120. பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும் எண் உங்களுக்கு உதவாது. பழைய மெக்கானிக்கிடம் பேசும்போது கிலோவில் சொல்லுங்கள். பத்து கிலோ என்றால் 98 நியூட்டன் மீட்டர், அவருக்கும் புரியும். அந்த எண்ணை ஒரு சீட்டில் எழுதி ஸ்டெப்னி மூடியின் அடியில் ஒட்டிவிடுங்கள்.

அடுத்த முறை டயர் கடைக்குப் போகும்போது காப்பியைக் குடித்துவிட்டு உள்ளே உட்காராமல் வண்டிப் பக்கத்தில் நில்லுங்கள். "அண்ணே, நட்டை முதல்ல கையால ஏத்துங்க. கன் வேணும்னா லேசா, பிடிக்கிற வரைக்கும் போதும். மிச்சத்த ரெஞ்ச்ல, எதிரெதிரா முடுக்கிடுங்க, நம்ம வண்டிக்கு நூறு" என்று சொல்லுங்கள். கிளிக் வருவதற்கு முன் நட்டு நகர்கிறதா என்று பாருங்கள். நகரவில்லை என்றால் தளர்த்திவிட்டு மறுபடி முடுக்கச் சொல்லுங்கள்; முகம் சுளிப்பார், சுளிக்கட்டும். சொந்தமாக வாங்கிக்கொள்வதென்றாலும் ஒரு சாதாரண கிளிக் ரெஞ்ச் ஒரு டயரின் விலைக்குள் அடங்கிவிடும். வேலை முடிந்ததும் அதன் அளவைக் கீழ் எண்ணுக்கு இறக்கி வையுங்கள், நட்டைக் கழற்ற மட்டும் அதைப் பயன்படுத்தாதீர்கள்.